பத்தொன்பது வயது வித்தியாசம்

கையைச் சட்டைக்குள் நுழைப்பதற்குள் அவனுக்கு வேர்த்துவிட்டது. அப்பாவின் கை விறைத்துப்போயிருந்தது.

"அது உன் சட்டைடா," என்றாள் அம்மா.

"ரெண்டு பேரும்தானேம்மா போடுவோம்."

அப்பாவுக்கு நாற்பத்தொன்று, அவனுக்கு இருபத்திரண்டு. இருவருக்கும் ஒரே லாரிப் பட்டறையில் வெல்டிங் வேலை. புதிதாக வரும் டிரைவர்கள் அண்ணன் தம்பி என்றே நினைப்பார்கள். அப்பாவும் லேசில் விடமாட்டார். "இவன்தான் மூத்தவன், நான் கடைக்குட்டி" என்று கண்ணடிப்பார். நேற்று மதியம் சாப்பிடக் கை கழுவப் போனவர் குழாயடியிலேயே சரிந்தவர், எழவே இல்லை.

அப்பாவைப் போலவே தானும் சீக்கிரம் அப்பாவாகிவிட வேண்டும். அவனுக்கென்று இருந்த ஒரே ஆசை அதுதான். மகனுக்கு மீசை முளைக்கும்போது தனக்கு நரைத்திருக்கக் கூடாது. கல்யாணமான நாளிலிருந்து மனைவியை இதைச் சொல்லியே நச்சரித்துக்கொண்டிருந்தான். அவளுக்கு நர்சிங்கில் இன்னும் ஒரு வருஷம் பாக்கி. "படிப்பு முடியட்டும், குழந்தை எங்க ஓடியா போயிடும்?" என்பாள். போன வாரம் சண்டை முற்றியபோது அப்பாதான் நடுவில் புகுந்தார். "எனக்குத் தாத்தாவாக ஒரு அவசரமும் இல்லம்மா, நீ படி," என்றார். அன்று அவனுக்கு அப்பாமேல் கோபம் வந்தது.

சுடுகாட்டில் எல்லாம் முடிந்து வீடு திரும்பிய பிறகும் அழுகை வரவில்லை. முற்றத்து நாற்காலியில் உட்கார்ந்தான். மனைவி டீயைக் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் அமர்ந்தாள்.

"நீங்க கேட்டீங்கள்ல... பெத்துக்கலாம். படிப்ப அப்புறம் பாத்துக்கறேன்."

எத்தனை நாள் இதற்காகக் கெஞ்சியிருப்பான்! இப்போது உள்ளே எதுவும் அசையவில்லை.

"வேணாம்," என்றான்.

"என்மேல கோவமா?"

"இல்ல. கொழந்தைய எப்படித் தூக்கறது, அழுதா என்ன பண்றதுன்னு நான் யோசிச்சதே இல்ல. எல்லாம் அப்பா பாத்துப்பாருன்னு இருந்துட்டேன்."

டீ ஆறிக்கொண்டிருந்தது.

வாடகை நாற்காலிக்காரர் ஒவ்வொன்றாக அடுக்கி வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். கடைசியில் அவர்கள் உட்கார்ந்திருந்த இரண்டுதான் மிச்சம். அருகில் வந்து, கேட்கத் தயங்கி நின்றார். மனைவி எழுந்து தன் நாற்காலியை மட்டும் அவரிடம் கொடுத்துவிட்டு, அவன் பக்கத்தில் நின்றுகொண்டாள்.