டாக்டருக்குக் காட்டிய பிள்ளை

பெரிய ஆட்கள் யார் பார்க்க வந்தாலும் எங்கள் லயத்து வீட்டு வரிசையில் முந்தின நாளே வாசல் கூட்டி, சாக்கடை அள்ளி, இருமுகிற கிழங்களை உள்ளே தள்ளிவிடுவோம். சூரியநெல்லிப் பக்கம் எஸ்டேட்டில் கொழுந்து கிள்ளுகிற எங்களுக்கு அது ஊறிப்போன பழக்கம். அந்தப் புத்திதான் எழுபத்துநாலில் என் தலையில் கல்லைத் தூக்கிப் போடப் பார்த்தது.

என் அக்காள் செத்துப்போனாள். அவள் மகள் வேலுத்தாய்க்கு அப்போது எட்டு வயது. அவள் அப்பன் செல்லத்துரை கொள்ளிக்கட்டையால் முதுகில் சூடு வைத்தவன். கேட்டால் அடுப்பில் விழுந்தாள் என்று சாதிப்பான், படுபாவி. நான்தான் போய் அவளைத் தூக்கி வந்தேன். ஆம்பிளைக் குரல் கேட்டால் அலறுவாள், பக்கத்தில் வந்தவரைக் கடிப்பாள். ராத்திரியாவது தூங்கட்டும் என்று கம்பவுண்டர் அரை மாத்திரை கொடுக்கச் சொல்லியிருந்தார்.

ஆறு மாதம் கழித்து அவன் பிள்ளையைத் திருப்பிக் கேட்டு வந்து நின்றான். பெற்றவனுக்குத்தான் உரிமை என்று லயமே பேசியது. மானேஜர் துரை மட்டும், மனநோய் பார்க்கிற டாக்டர் ஒருவர் எஸ்டேட் ஆஸ்பத்திரிக்கு வருகிறார், அவர் எழுதுகிறபடி செய்யலாம் என்றார்.

டாக்டரையே கடித்து வைத்தால்? வளர்த்த லட்சணத்தைப் பார் என்று அவனிடமே கொடுத்துவிட்டால்? அந்தப் பயத்தில் காலையில் எண்ணெய் தேய்த்து, சடை பின்னி, முழு மாத்திரையையும் கொடுத்துவிட்டேன்.

டாக்டர் மலையாளி. "மோளே, அச்சன்... அப்பா அடிக்குமோ?" என்று கேட்டார். அவள் தலை முன்னால் சரிந்தது. "அப்பாகூடப் போறியா?" என்றார். தலையாட்டினாள். கண் பாதி சொருகியிருந்தது.

"குட்டி சாந்தமா இருக்கு. பேடி, பயம் ஒண்ணும் காணல" என்று பேனாவை எடுத்தார்.

உண்மையைச் சொன்னால் பிள்ளைக்கு மருந்து கொடுத்து மயக்கினவள் என்று என்னிடமிருந்து பிடுங்கிவிடுவார்கள். சொல்லாவிட்டால் அவன் கூட்டிக்கொண்டு போய்விடுவான். அவர் இரண்டு வரி எழுதியதும் மேஜைமேல் கையை ஊன்றினேன்.

"டாக்டரய்யா, எழுதாதீங்க. காலைல முழு மாத்திரைய நான்தான் குடுத்தேன். நல்ல புள்ளையாத் தெரியணும்னு."

அவர் முகம் சிவந்துவிட்டது. "நான் குட்டியப் பார்க்க வந்ததா, மருந்தப் பார்க்க வந்ததா? இனி நான் சொல்லாம ஒரு பொடிகூடக் கொடுக்கண்டா." அன்றைக்கு அவளை நர்ஸ் பொறுப்பில் அங்கேயே படுக்க வைத்தார்கள். மறுநாள் அவனும் வரவேண்டும், நான் அவளைத் தொடவோ அவளோடு பேசவோ கூடாது என்று உத்தரவு.

மறுநாள் பெஞ்சு நுனியில் உட்கார்ந்து, அலறு தாயி, அலறு என்று மனசுக்குள் கும்பிட்டேன். ஒரு சித்தி கும்பிடுகிற கும்பிடா அது? ஆனால் எனக்கு வேறு வழி தெரியவில்லை.

செல்லத்துரை சலவைச் சட்டையும் பிஸ்கட் பொட்டலமுமாக வந்தான். "வா தாயி" என்றான், ஊரிலேயே நல்லவன்போல.

அவள் அலறவில்லை. யாரையும் கடிக்கவில்லை. எல்லாம் போச்சு என்று நினைத்தேன். அவள் நேராகச் சுவர் மூலைக்கு நடந்தாள். சிமெண்டுத் தரையில் முட்டி போட்டாள். இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு கண்ணை இறுக்கி மூடினாள். இந்த ஆறு மாதத்தில் நான் பார்க்காத காரியம் அது.

டாக்டர் அவள் பக்கத்தில் போய்க் குந்தினார். "இப்படி நிக்கச் சொல்லி யாரு மோளே சொன்னது?"

"இன்னும் சொல்லல" என்றாள் வேலுத்தாய், கண்ணைத் திறக்காமலே. "சொல்றதுக்கு முந்தியே நின்னுட்டா அடி கொறைச்சலா விழும்."

டாக்டர் முந்தின நாள் எழுதிய தாளைக் கிழித்தார். உத்தரவை மறந்து நான் ஓடிப்போய் அவள் கைகளை இறக்கப் பார்த்தேன். கம்பிமாதிரி விறைத்திருந்தன. டாக்டர் செல்லத்துரையை வெளியே அனுப்பினார். அவன் செருப்புச் சத்தம் ஓய்ந்த பிறகுதான் அவளாக ஒவ்வொரு கையாக இறக்கினாள்.