ஓட்டுநர் போட்ட தோப்புக்கரணம்

காதைப் பிடித்துக்கொண்டு பாதி உட்கார்ந்த நிலையில் இருந்தபோதுதான், எதிர்வீட்டு அக்கா தன் சமையலறை ஜன்னலில் நின்று பார்ப்பதை ஓட்டுநர் கவனித்தார். முழுதாக உட்கார்ந்திருந்தால் சுவர் மறைத்திருக்கும். எழுந்திருந்தால் ஏதோ தேடுவதாகக் காட்டிக்கொண்டிருக்கலாம். நடுரோட்டில் நின்றுபோன வண்டி மாதிரி அகப்பட்டுக்கொண்டார். அடுப்படியில் இருந்த மனைவி திரும்பாமலே, "என்ன நின்னுட்டீங்க? ம், போடுங்க" என்றாள். அது வேறு எதிர் ஜன்னல் வரைக்கும் கேட்டது.

அந்தக் கட்டடம் 'ப' எழுத்தைப் போலக் கட்டியது. இரண்டு பக்கத்துச் சமையலறைகளும் நாள் முழுக்க ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருக்கும்; திறந்த பக்கம் சாலை. சாலையில் சிக்னல் விழுந்தால் பேருந்து சரியாக அங்கேதான் நிற்கும். அந்தப் பேருந்தைப் பல வருடமாக ஓட்டியவர் இவர்தான். இருக்கையிலிருந்து நிமிர்ந்தால் முதல் மாடியில் தன் வீட்டு ஜன்னல் தெரியும். மனைவி கரண்டியைத் தூக்கிக் காட்டுவாள். ஹாரன் அடிக்கக் கூடாத அந்த இடத்தில் இவர் பூனை தும்முவதுபோல ஒன்று அடிப்பார். அவர்களுடைய காதலின் பெரும்பகுதி பச்சை விழுவதற்குள் நடந்து முடிந்ததுதான்.

இந்த வருட மருத்துவப் பரிசோதனையில் எல்லாம் கவிழ்ந்துவிட்டது. ரத்த அழுத்தத்தைப் பார்த்த டாக்டர் கருவிதான் கெட்டுவிட்டதென்று இன்னொன்றை வரவழைத்தார். பலகையில் ஏறி இறங்கச் சொன்னார். ஏறியவருக்கு இறங்க மூச்சில்லை. கை ஊன்றாமல் உட்கார்ந்து எழச் சொன்னார். உட்கார்ந்தது உட்கார்ந்ததுதான், தூக்கி நிறுத்த இரண்டு பேர் வர வேண்டியிருந்தது. மூன்று மாதம் தருகிறேன், அதற்குள் உடம்பு தேறாவிட்டால் ஸ்டீயரிங்கை மறந்துவிடுங்கள் என்று அவர் அனுப்பிவைத்தார். அதுவரை பணிமனையில் மைக் முன்னால் வேலை. தன் பேருந்தை வேறொருவன் எடுத்துக்கொண்டு போவதைத் தினமும் தன் வாயாலேயே அறிவிக்க வேண்டும். வீட்டில் மனைவிக்கு மட்டும் விஷயம் தெரியும். அக்கம்பக்கத்தில் ரூட் மாற்றிவிட்டார்கள் என்று சொல்லி வைத்திருந்தார்.

விடிந்ததும் ஓட்டமும் நடையுமாக ஒரு சுற்று, அப்புறம் சமையலறையில் உட்கார்ந்து எழுதல். விழுந்தால் பிடித்துக்கொள்ள மேடை இருப்பது அங்கேதான். டாக்டர் சொன்னபடி கைகளை முன்னால் நீட்டினால் மூட்டை சரிவதுபோல இவர் பின்னால் சரிந்தார். எதையாவது பிடியுங்கள் என்று மனைவி பதறியபோது கைகள் தாமாகக் காதுகளைப் பிடித்துக்கொண்டன. பள்ளிக்கூடத்தில் வேறெதுவும் மண்டையில் ஏறியதில்லை. இது மட்டும் உடம்பில் ஏறியிருந்தது. காதைப் பிடித்ததும் உடம்பு அசையாமல் நின்றது.

அதன்பிறகு நடந்ததெல்லாம் அவருக்கே நம்ப முடியவில்லை. பெல்ட் ஒரு துளை உள்ளே போனது. மூச்சைப் பிடிக்காமல் ஷூ நாடா கட்ட முடிந்தது. முடிந்த சந்தோஷத்தில் அவிழ்த்து மறுபடி கட்டினார். ஒருநாள் குறட்டை நின்றுபோனது. மனைவி பயந்துபோய் அவர் மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தாள். மாடிப்படியில் தன் கால்கள் தன்னைக் கேட்காமலே ஓடுவதைப் பார்த்து, திருட்டுத்தனமாக இன்னொரு முறை இறங்கி ஏறினார்.

இந்த நேரத்தில்தான் அக்கா பார்த்துத் தொலைத்தது. ஒரு வாரம் வேவு பார்த்துவிட்டு, கணக்கராக வேலை பார்க்கும் தன் கணவரையும் இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். உட்காரக்கூட இல்லை.

"இந்தாம்மா, தப்பே பண்ணியிருக்கட்டும். இந்த வயசுல காதைப் புடிச்சி தோப்புக்கரணம் போட வைக்கிறியே, நல்லாவா இருக்கு?"

மனைவி ஓட்டுநரைப் பார்த்தாள். அவர் கண்ணாலேயே கும்பிட்டார். வண்டி ஓட்ட லாயக்கில்லாதவன் என்ற பேரைத் தவிர வேறு எந்தப் பேரும் பரவாயில்லை என்றது அந்தக் கும்பிடு.

"பண்ணா போட்டுத்தானக்கா ஆகணும்," என்றாள் மனைவி.

"அப்படி என்னதான் பண்ணாரு?"

"அதை என் வாயால எப்படிக்கா சொல்லுவேன்?"

அன்று முதல் கட்டடத்துக்கு வேறு பொழுதுபோக்கு தேவைப்படவில்லை. ஓட்டுநரின் குற்றம் வீட்டுக்கு வீடு வளர்ந்தது. மூன்றாம் மாடிக்குப் போவதற்குள் அவருக்கு வேறொரு குடும்பமே உண்டாகியிருந்தது. கணக்கர் மட்டும் படியில் மறித்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"தம்பி, தெனமுமா?"

"தெனமும்தான் சார்."

"ஆனா மூஞ்சி தெளிஞ்சிருக்கேப்பா," என்று ஏக்கத்தோடு சொல்லிவிட்டு, கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து ஏறிப்போனார்.

பரிசோதனைக்குப் போன அன்று நெஞ்சு படபடத்ததில் ரத்த அழுத்தம் ஏறிவிடுமோ என்று பயந்தே அது இன்னும் படபடத்தது. டாக்டர் கருவியைப் பார்த்தார்; இந்த முறை வேறொன்று கேட்கவில்லை. பலகையில் ஏறி இறங்கியவரை அவர்தான் போதும் என்று நிறுத்த வேண்டியிருந்தது. பிறகு உட்காரச் சொன்னார். ஓட்டுநர் உட்கார்ந்தார், கை ஊன்றாமல் எழுந்தார், கேட்காமலே மறுபடி உட்கார்ந்தார்.

"காதை விடுங்க சார்," என்றார் டாக்டர். "நான் உங்களை ஒண்ணும் திட்டலையே."

அப்போதுதான் தன் கைகள் எங்கே இருக்கின்றன என்று அவருக்குத் தெரிந்தது. டாக்டர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் காலை பேருந்து சாலையில் வளைந்தபோது, சிக்னல் விழ வேண்டுமே என்று வேண்டிக்கொண்டு வந்த ஒரே ஓட்டுநர் அந்த ஊரிலேயே அவராகத்தான் இருப்பார். விழுந்தது. நிமிர்ந்தார். முதல் மாடி ஜன்னலில் கரண்டி ஏற்கெனவே உயர்ந்திருந்தது. அதிலிருந்து எதுவோ சொட்டிக்கொண்டிருந்தது, அவள் துடைக்கவில்லை. ஹாரனில் கை வைத்தவர், எதிர்ப்பக்கத்தில் ஏதோ அசைவது தெரிந்து திரும்பினார். எதிர்வீட்டுச் சமையலறையில் அக்கா இடுப்பில் கைவைத்து நின்றிருந்தாள். அவளுக்கு முன்னால் கணக்கரின் வழுக்கைத் தலை, இரண்டு பக்கமும் காதைப் பிடித்த கைகளோடு, மெல்ல மேலே வந்தது. இறங்கியது. பச்சை விழுந்து பின்னால் வண்டிகள் கத்தின. ஓட்டுநர் அந்தத் தலை மறுபடி மேலே வருவதற்காகக் காத்திருந்தார்.