பச்சய அமுக்கு மச்சான்

காலடிப்பேட்டையில வெற்றின்னு ஒருத்தன். டிவி, மிக்ஸி ரிப்பேரு பாக்கறவன். கை நல்ல கைதான், மனசுதான் சாக்கட. புறா பந்தயத்துல வருசா வருசம் ரெண்டாவது வருவான். மொதல்ல வர்றது யாருன்ற? அவன் பொண்டாட்டி மங்கையோட அண்ணங்காரன் திருமல. ஜெயிச்சிட்டு தெரு நடுவுல நின்னுக்கினு, "எந்தங்கச்சிய கட்டிக்கினியே மாப்ள, அது ஒண்ணுதான் நீ ஜெயிச்ச பந்தயம்"பான். தெருவே சிரிக்கும். வெற்றியும் சேந்து சிரிப்பான், வயிறு எரிய எரிய.

இந்த வருசம் மீன் புடிக்கற போட்ல கவுறு அறுந்து அடிச்சதுல திருமலைக்கு இடுப்பு பூடுச்சி. கூண்டு இருக்கற மாடி ஏற முடியாது. பந்தயத்துல எந்தப் புறா ரொம்ப நேரம் பறக்குதோ அதுதான் மொதல்ல. ஆனா ஒரு சட்டம் கீது. காத்தால வுட்ட புறா சாயங்காலம் தெரு லைட்டு எரியறதுக்குள்ள தன் கூண்டுக்குள்ள பூந்துடணும். கதவ சொந்தக்காரன்தான் தொறக்கணும், வேற கை பட்டா அவுட்டு. திருமல கம்பு ஊணிக்கினு வந்து கெஞ்சினான்.

"கீழேர்ந்தே தொறக்கறாமாரி ஒண்ணு பண்ணிக் குடு மாப்ள. பொட்டு இந்த ஒரு வாட்டி பறக்கட்டும். எனுக்கு வேற இன்னா கீது இப்ப?"

பொட்டுன்றது அவன் பொட்டப் புறா. வெள்ள ஒடம்பு, நெத்தியில கறுப்பு.

வெற்றி பண்ணிக் குடுத்தான். சும்மா சொல்லக் கூடாது, ஜோரா பண்ணான். கைக்கடக்கமா ஒரு மோட்டாரு, அதுலேர்ந்து ஒரு தண்டு. கரண்டு ஒரு பக்கமா போனா தண்டு நீண்டு கதவத் தள்ளித் தொறக்கும். அதே கரண்ட தலகீழா திருப்பி வுட்டா தண்டு உள்ள போயி கதவ இஸ்து மூடிக்கும். திருப்பி வுடற வேலைய ஆர்டுயினோன்னு ஒரு குட்டி போர்டு பாத்துக்கும். கீழ கட்டிலாண்ட ரெண்டு பட்டன், பச்ச தொறக்க, செவப்பு மூட.

பந்தயத்தன்னிக்கி புறாவ வுட்டதும், பூன பூந்துடாம இருக்கட்டும்னு திருமல செவப்ப அமுக்கி மூடிட்டான். அப்பால வெற்றி, "எண்ண போட்டு வர்றேன் மச்சான்"னு மேல ஏறினான். எண்ணையாவது ஒண்ணாவது! மேல சாவியோன்னு ஒருத்தரு, பந்தய நடுவரு, வானத்தையே பாத்துக்கினு கீறாரு, கூண்ட யாரு பாக்கறா? மோட்டாருக்குப் போற ரெண்டு ஒயர கழட்டி, இத அங்கியும் அத இங்கியும் முறுக்கிட்டு எறங்கி வந்து டீ குடிச்சான்.

சாயங்காலம் வெற்றி தன் புறா எறங்கினதும் அத கூண்டுல வுட்டுட்டு, திருமல கட்டிலாண்ட வந்து நின்னான். கொஞ்ச நேரத்துல மேலேர்ந்து சாவியோ கத்தறாரு, "எறங்கிடுச்சிப்பா! தொற, தொற!"

திருமல பச்சய அமுக்கினான். மூடின கதவு இன்னும் இறுக்கமா மூடிக்கிச்சி.

"தொறக்கலப்பா! மூக்கால முட்டுது!"

"மாப்ள, செவப்ப அமுக்கிப் பாக்கட்டா?"

"அத தொடாத, மோட்டாரு எரிஞ்சி பூடும். பச்சய அமுக்கு மச்சான்."

அமுக்கினான். வெரலு வெளுத்துப் போற அளவுக்கு அமுக்கினான். நாள் பூரா தண்ணி இல்லாம பறந்த ஜீவன், கதவாண்டயே ரெக்கய தொங்கப் போட்டுக்கினு வாயத் தொறந்து நின்னுது. வல்லூறு வந்து தூக்கினு போவ எம்மாம் நேரம் ஆவும்? சாவியோ வெறுங்கையோட எறங்கி வந்தாரு. தெரு லைட்டு எரிஞ்சிது. வெற்றி புறா மொதல்ல.

எல்லாம் போனதும் வெற்றி மேல ஏறி ஒயர பழையபடி மாத்தினான். "இப்ப அமுக்கு!"ன்னான். கதவு சமத்தா தொறந்துது, கீழ வரைக்கும் சத்தம் கேட்டுது.

எறங்கி வந்து திருமல பக்கத்துல குந்தினான். "மிஷினு நல்லாத்தான் கீது மச்சான். நீதான் பேஜாருல செவப்பயே அமுக்கிக்கினு இருந்துக்கீற. நானும் கவனிக்கல பாரு."

"பச்சதானே மாப்ள அமுக்கினேன்?"

"கண்ணும் பூடுச்சா ஒனுக்கு? பொட்டுவ நீயே கொன்னுட்டியே."

திருமல தன் கட்டவெரல பாத்துக்கினே இருந்தான். கடசியில, "என் கையில ஒண்ணும் இருக்கக் கூடாது மாப்ள. மீதி கீற புறாவ எல்லாம் நீயே தூக்கினு பூடு"ன்னான்.

வெற்றி கூடையில புடிச்சி கொண்டாந்தான். ஜோப்புலேர்ந்து கத்திரிக்கோல எடுத்தான்.

"இது எதுக்கு மாப்ள?"

"வெட்டலன்னா ஒன் மாடிக்கேதான் திரும்பி வரும். ஒன் வளப்பு அப்பிடி. நல்லா விரிச்சிப் புடி மச்சான்."

திருமல ஒவ்வொண்ணா எடுத்து மடியில வெச்சி, ரெக்கய விரிச்சிப் புடிச்சான்.