பின்பனிக்கு ஓர் இரவல் பெயர்

எங்கள் ஊரில் தை பிறந்ததிலிருந்து பங்குனி முடியும்வரை பனை என்ற சொல்லை யாரும் வாசலுக்கு வெளியே சொல்வதில்லை. பனிக்குக் காது மந்தம். கடைசி எழுத்து அதற்குச் சரியாகக் கேட்காது. தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து வரும், வந்த இடத்தில் தங்கிவிடும்.

ஊர் என்றால் சுவிஸில் ஓர் ஏரிக்கரை ஊர். எங்கள் ஆட்கள் இருக்கிற வீடுகளின் பின்வளவில் எல்லாம் குளிர் தாங்கும் விசிறிப் பனை ஒன்று நிற்கிறது. தண்டு முழுக்க நார் மூடிய, கூரையை எட்டாத மரம். பக்கத்து வீட்டுச் சுவிஸ்காரரும் ஒன்று வைத்திருக்கிறார். அவர்கள் அதற்கு வேறு சொல் வைத்திருப்பதால் அவர் மரத்துக்கு ஒரு தொல்லையும் இல்லை.

நாங்கள் வாயை மூடிக்கொண்டிருந்தால் மட்டும் போதாது. பனி வேலியருகே வந்து நின்று மரத்திடமே பெயரைக் கேட்கும். மரத்துக்குப் பொய் சொல்லத் தெரியாது. ஆகவே ஓலைகளைச் சேர்த்துக் கட்டி, தண்டுக்குச் சாக்குச் சுற்றி, அடியில் வைக்கோல் பரப்பியபிறகு வீட்டு ஆள் ஒருவருடைய பெயரை அதற்கு இரவல் கொடுப்போம். பங்குனிவரை அது மரத்தின் பெயர். கொடுத்தவர் பெயரில்லாமல் இருப்பார்.

பெயர் நீளமாக இருக்கவேண்டும். இப்போதைய பிள்ளைகளின் இரண்டெழுத்துப் பெயர்கள் ஓர் ஓலைக்கும் காணாது. எதிர்வீட்டுக்காரர் போன வருடம் மகனுடைய பெயரைப் போட்டுப் பார்த்தார்கள், அது முழங்காலுக்கு மேல் நின்றுவிட்டது. என் கணவருடைய பெயர் குருத்திலிருந்து வேர்வரை வரும், அடியில் கொஞ்சம் மடித்தும் விடலாம். மாமி முன்யோசனையோடுதான் வைத்திருக்கிறா. கணவன்மாரின் பெயர் இன்னொரு வகையிலும் வசதி. வீட்டில் அதற்குப் பெரிதாக வேலை இல்லை.

தை மாதம் அவர் பெயரைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனார். ஹோட்டல் ஒன்றின் சலவைப் பகுதியில் வேலை. அங்கே அவரைக் கையசைத்துக் கூப்பிட்டார்கள். டாக்டரிடம் போனபோது தாதி கதவைத் திறந்து ஒன்றும் சொல்லாமல் நின்றாள். அவர் எழுந்து உள்ளே போனார். அவருடைய முறைதான்.

ஒரே ஒரு நிபந்தனை உண்டு. அந்தப் பெயரை ஒவ்வொரு நாள் காலையிலும் மரத்தின் முன் நின்று யாராவது வாய்விட்டுச் சொல்லவேண்டும். இல்லாவிட்டால் பெயர் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கும். கொடுத்தவர் சொல்லக்கூடாது, சொன்னால் அது அவரிடமே திரும்பி வந்துவிடும். இவ்வளவு காலமும் எங்களுக்காக அடுத்த வீட்டு நாகபூசணி அக்கா சொல்லிவந்தா. இரண்டு வளவுக்கும் கேட்கிற தொண்டை அவவுக்கு. இந்த வருடம் மகளின் பிள்ளைப்பேறு பார்க்கப் பாரிசுக்குப் போய்விட்டா. வேலை என் தலையில் விழுந்தது.

நான் அவருடைய பெயரைச் சொன்னதே இல்லை. பயம் என்று நினைக்கவேண்டாம். மரியாதை என்றும் சொல்லமுடியாது, மரியாதை குறைவாக நடந்த நாட்கள் எங்கள் வீட்டில் தாராளமாக உண்டு. வெட்கம், அவ்வளவுதான். கோயிலில் அர்ச்சனைக்கு ஐயர் பெயர் கேட்டால் அவர் பக்கம் திரும்பிப் பார்ப்பேன். அவரே சொல்லிக்கொள்வார். கலியாணமான புதிதில் சொல்லாமல் விட்டது, பிறகு சொல்ல ஒரு நல்ல நாள் வாய்க்கவில்லை.

ஆகவே காலையில் மரத்தின் முன் போய் நின்று, அவரைக் கூப்பிடுகிறமாதிரியே, "இஞ்சாருங்கோ" என்று சொல்லிவிட்டு வந்தேன். மரம் ஓலையைக் கொஞ்சம் அசைத்தது. அதையே அடுத்தடுத்த நாட்களும் சொன்னேன். இடையில் ஏரிப்பக்கம் வெயில் வந்தது, வாத்துகள் வெளிக்கிட்டன, எதிர்வீட்டில் சாக்கையே கழற்றிவிட்டார்கள். இது போதும்போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். மரத்துக்கு மேல் மச்சு இல்லாதபடியால் அது நேரே குருத்துக்கு வரும். போன குளிர், எதையோ மறந்துவிட்டுப் போனதுபோல, மாசிக் கடைசியில் திரும்பி வந்தது. வைக்கோல் விறைத்துக் கட்டியானது. வெளி ஓலைகள் பழுப்பாகத் தொடங்கின.

அவர் யன்னலருகே நின்று பார்த்தார்.

"பேர் இடுப்புக்கு இறங்கிட்டுது," என்றார்.

"இறுக்கிக் கட்டிவிடுங்கோவன்."

"கட்ட அதென்ன இடுப்பில உடுக்கிற சாரமே? சொல்லவெல்லோ வேணும்."

"நீர் சொல்லும்" என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை பிடித்துத் தப்பியிருப்பேன்.

மரம் பட்டுப்போனால் அது போட்டிருக்கிற பெயரும் அதோடு போய்விடும். மேல்தெருவில் அப்படி ஒருவர் இருக்கிறார். நல்ல மனிதர், கொண்டாட்டங்களுக்கு முதல் ஆளாக வந்து கதிரை அடுக்குவார். அவரைப் பற்றிப் பேசவேண்டி வந்தால் மேல்தெருப் பக்கம் கையைக் காட்டுவோம்.

அன்று பின்னேரம் அவர் வெளியே போய்க் குருத்தைப் பிடித்து மெல்ல இழுத்துப் பார்த்தார். குருத்து உறுதியாக நின்றால் மரத்தில் உயிர் இருக்கிறது. கையோடு வந்தால் கதை முடிந்தது. எங்களுடையது ஆடுகிற பல்லைப்போல அசைந்தது. அவர் கையை எடுத்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

"போனாப் போகட்டும்," என்றார். "அந்தப் பேரைச் சொல்லி என்னை ஆர் கூப்பிடுகினம்?"

கோபமாகச் சொல்லவில்லை. காலைச் சாப்பாட்டுக்குப் பாண் முடிந்துவிட்டது என்று சொல்கிற குரலில்தான் சொன்னார். அவ்வளவு நீளப் பெயர், அவரைப் பெற்றவளுக்குப் பிறகு அதை முழுதாகச் சொல்லி அவரைக் கூப்பிட ஆளில்லை. கூப்பிடவேண்டியவள் நான் பக்கத்திலேயே இருந்திருக்கிறேன்.

அடுத்தநாள் காலை அவரைக் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு இருக்கச் சொன்னேன்.

"முகம் கழுவிட்டன்," என்றார்.

"இன்னொருக்காக் கழுவுங்கோ."

போனார். தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. நான் சப்பாத்தை மாட்டிக்கொண்டு பின்வளவுக்குப் போனேன். பனி எனக்கு முன்பே வந்து வேலியில் கைவைத்து நின்றது. பெயர் மரத்தின் முழங்காலுக்குக் கீழே சுருண்டு கிடந்தது. நான் பனிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மரத்துக்கு நேரே நின்றேன்.

"குமார," என்றேன். பெயர் கொஞ்சம் அசைந்தது.

"குமாரகுல."

இடுப்புக்கு வந்தது. பனி வேலிக்கதவைத் திறந்தது. இனி வெட்கப்பட்டுப் பிரயோசனமில்லை.

"குமாரகுலசிங்கம்," என்று சொன்னேன். எதிர்வீட்டு யன்னல்வரை கேட்டிருக்கும். பெயர் சரசரவென்று ஏறிக் குருத்தை மூடியது. பனி மரத்திடம் வந்து ஏதோ கேட்டது, மரம் உண்மையைச் சொன்னது. தான் தேடிவந்த ஆள் இல்லை என்று கண்டு, பனி வேலிக்கதவைச் சாத்திவிட்டு ஏரிப்பக்கம் நடந்தது.

அது போனபிறகு நான் இன்னொருமுறை சொன்னேன். அவசியமில்லை, நன்றாக இருந்தபடியால் சொன்னேன். உள்ளே குழாய் பூட்டியிருந்தது, தண்ணீர்ச் சத்தம் இல்லை. எப்போது பூட்டினார் என்று தெரியாது.

பங்குனி முடியச் சாக்கை அவிழ்த்தோம். பழுப்பு ஓலைகள் நாலைந்தை வெட்டவேண்டி வந்தது, குருத்து பச்சையாக விரிந்தது. பெயரை மரம் பேச்சில்லாமல் திருப்பித் தந்தது. ஓரத்தில் கொஞ்சம் நார் ஒட்டியிருந்தது, தட்டிவிட்டு அவர் போட்டுக்கொண்டார்.

அன்று பின்னேரம் தேநீரை ஊற்றிவிட்டு வழக்கம்போலக் கூப்பிட்டேன்.

"இஞ்சாருங்கோ, தேத்தண்ணி ஆறுது."

பின்கதவு திறந்தது. மரம் தலையைக் குனிந்து உள்ளே வந்து, கால்மிதியில் வேரைத் துடைத்துவிட்டு, அவருடைய கதிரையில் இருந்தது. இரவல் கொடுத்ததைத்தான் திருப்பிக் கேட்கலாம். இந்த "இஞ்சாருங்கோ"வை நான் என் வாயாலேயே நாள்தவறாமல் கொடுத்திருக்கிறேன், கேட்க நியாயமில்லை. அதன் முன்னால் ஒரு கோப்பையை வைத்தேன்.

பிறகு படிக்கட்டடியில் போய் நின்று, மேலே பார்த்து, "குமாரகுலசிங்கம்" என்று கூப்பிட்டேன்.

"வாறன், வாறன்," என்று உடனே பதில் வந்தது. படியிலேயே இருந்திருக்கவேண்டும். வந்தவர் தன் கதிரையில் ஆள் இருப்பதைப் பார்த்துவிட்டு, இன்னொன்றை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தார்.

"அவருக்குச் சீனி போட்டனீரோ?" என்று கேட்டார்.

போட்டிருந்தேன். மேசையில் இருந்த பனங்கட்டிப் பெட்டியை மட்டும், மரத்தின் கண்ணில் படாமல், எடுத்து உள்ளே வைத்தேன்.