பாதி வசனம்

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை, பிரசங்கம் முடிந்து, காணிக்கைப் பை சுற்றி வந்து, திருவிருந்து மேசையின் வெள்ளைத் துணியை விலக்கும் நேரத்தில், இடப்பக்கம் மூன்றாவது பெஞ்சிலிருந்து மாத்திரையம்மா எழுந்து வெளியே போவாள். ஏழு வருடமாக இப்படித்தான். திருவிருந்து எடுக்காமல் நழுவுகிறவர்கள் எல்லாச் சபையிலும் உண்டு. போன் வந்துவிட்டது போலவோ இருமல் பிடித்துக்கொண்டது போலவோ ஏதாவது பாவனை காட்டிக்கொண்டு பக்கவாட்டுக் கதவைத் தேடுவார்கள். இவள் அந்த ரகமில்லை. கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடுப்பாதையில் தலை நிமிர்ந்து நடப்பாள்.

சபைப் பெண்களுக்கு அதில் ஒரு பெருமையே உண்டு. "தங்கச்சிமேல மனசுல கசப்பு இருக்காம். அதோட அப்பத்தத் தொடக் கூடாதுன்னு போறாங்க. இந்தக் காலத்துல யாருக்கு வரும் அந்த பயம்?" என்று பேசிக்கொள்வார்கள். மாத்திரையம்மா அதைக் காதில் வாங்காதவள் போலப் போய்விடுவாள். ஆனால் ஒரு சொல்கூட அவள் காதுக்குத் தப்பியதில்லை.

ஆஸ்பத்திரி மருந்து கவுண்டரில் அவளுக்கு முப்பது வருட வேலை. கண்ணாடித் தடுப்பில் கை நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை. அதன் வழியாகச் சீட்டு உள்ளே வரும், மருந்து வெளியே போகும். சில்லறை மாத்திரைகளைத் தட்டில் கொட்டி, நடுவிரலால் இரண்டிரண்டாகத் தள்ளி எண்ணி, சின்னக் காகித உறையில் போட்டு, காலை, மதியம், இரவு என்று மேலே எழுதிக் கொடுப்பாள். மாத்திரையம்மா எண்ணும்போது பக்கத்தில் இடி விழுந்தாலும் திரும்ப மாட்டாள் என்று கூட வேலை செய்கிறவர்கள் கேலி பேசுவார்கள். முப்பது வருடத்தில் ஒரு மாத்திரை கூடியதும் இல்லை, குறைந்ததும் இல்லை. அந்த எண்ணுகிற கைதான் வினையை இழுத்து வந்தது.

அப்பா கடைசிப் பதினோரு மாதம் தங்கை வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடந்தார். குளிப்பாட்டியது, துடைத்தது, ஸ்பூனில் கஞ்சி ஊட்டியது எல்லாம் தங்கை. மாத்திரையம்மா வாரத்துக்கு ஒருமுறை போய் மருந்து டப்பாவைச் சரிபார்த்துவிட்டு வருவாள். சரிபார்ப்பதும் ஒரு கவனிப்புதான் என்று அவள் நினைத்திருந்தாள். அப்பா இறந்த அன்று காலை, உடலைக் கூடத்தில் கிடத்தி ஜனம் கூடியிருந்தபோது, பழக்க தோஷம், மேசையில் கிடந்த இதய மாத்திரை அட்டையை எடுத்து எண்ணினாள். தினம் அரை மாத்திரை என்பது கணக்கு. எட்டு நாளில் நான்கு போயிருக்க வேண்டும். எட்டு போயிருந்தது.

"ரெட்டிப்பா குடுத்திருக்கே. அதான் அப்பா போயிட்டாரு" என்றாள், எல்லார் முன்னாலும்.

"டாக்டர்தான் முழுசா குடுக்கச் சொன்னாரு அக்கா."

"டாக்டர் சொன்னாரா, நீயா சொல்றியா?"

மருந்தே தொழிலாக இருக்கிறவள் சொன்னால் நான்கு பேர் நம்பத்தானே செய்வார்கள். நம்பினார்கள். கூடத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்து அடங்கியது. தங்கை அப்பாவின் கால்மாட்டில் நின்றுகொண்டு அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து பேச்சு இல்லை. ஒரே ஊர், இருபது நிமிட பஸ் பயணம், ஆளுக்கொரு சபை.

மூன்றாவது வருடம், அந்த டாக்டரே கவுண்டருக்கு வந்தார், தன் முழங்கால் வலிக்குத் தைலம் வாங்க. பேச்சு அப்பாவைச் சுற்றி வந்தது.

"கடைசி வாரம் மூச்சு ரொம்ப திணறிச்சு. நான்தான் அரையை முழுசாக்கினேன். உங்க தங்கச்சி கையில எழுதிக் குடுத்தேனே. நல்லா பாத்துக்கிட்டாங்கம்மா, அந்தப் பொண்ணு" என்றார்.

மாத்திரையம்மா தைலப் புட்டியை ஓட்டை வழியாக நீட்டினாள். "ஆமா டாக்டர்" என்றாள். அன்றைக்கு மட்டும் இரண்டு உறைகளில் எண்ணிக்கை தவறிவிட்டது.

அன்று மாலையே பஸ் ஏறியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஏறவில்லை. என்ன முகத்தை வைத்துக்கொண்டு போவது என்று முதல் வாரம். அவளே வந்து ஒரு வார்த்தை பேசினால் என்ன குறைந்துவிடும் என்று இரண்டாவது வாரம். பிறகு அந்த விஷயத்தையே மனதின் அடித்தட்டில் போட்டுப் பூட்டிவிட்டாள். முதல் ஞாயிறுகளில் எழுந்து போவதை மட்டும் விடவில்லை. முன்பு தங்கைமேல் கசப்பு என்று போனாள். இப்போது தன்மேலேயே கசப்பு. பார்க்கிறவர்களுக்கு இரண்டும் ஒரே நடைதானே. இன்னும் நான்கு வருடம் அந்தப் பாராட்டிலேயே கழிந்தது.

புதிதாக வந்த போதகர் சின்ன வயதுக்காரர். அங்கி போட்டால் தம்பி தன் அண்ணன் சட்டையைப் போட்டதுபோல் இருக்கும். மூன்று முதல் ஞாயிறுகள் பார்த்துவிட்டு, நான்காவது மாதம், திருவிருந்து இல்லாத ஒரு ஞாயிறன்று, வாசற்படியில் பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா, திருவிருந்துக்கு மட்டும் நீங்க இருக்கிறதில்ல?"

அவளுக்கு உள்ளூர ஒரு மகிழ்ச்சி. யாராவது கேட்க மாட்டார்களா என்றுதான் இருந்தது. "காணிக்கை வைக்க வரும்போது, கூடப் பிறந்தவங்களுக்கு நம்மமேல குறை இருக்குன்னு ஞாபகம் வந்தா, காணிக்கைய அங்கேயே வச்சிட்டுப் போகணும்னு கர்த்தர் சொல்லியிருக்காரே ஐயா. எனக்கும் என் தங்கச்சிக்கும் சரியில்ல. அதான் போயிடறேன்."

"சரிதான். எங்க போறீங்க?"

"வீட்டுக்கு."

"யாரு வீட்டுக்கு?"

"எங்க வீட்டுக்குத்தான். வேற எங்க?"

போதகர் சிரித்திருக்கலாம். சிரிக்கவில்லை. "போய் முதல்ல சமாதானமாகுன்னு சொல்லியிருக்கும்மா. வச்சிட்டுப் போறதோட நிறுத்திட்டீங்களே" என்றார். குரலில் குற்றம் சாட்டுகிற தொனி துளியும் இல்லை. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து, "நேத்து முளைச்ச பையன் எனக்கு வசனம் சொல்லித்தரான்" என்று கைப்பையைக் கட்டிலில் வீசினாள். அவள் கணவர் வாயே திறக்காத மனிதர். முப்பத்தைந்து வருடத்தில் அவர் பேசியதை ஒரு மாத்திரை உறையில் எழுதிவிடலாம். அவர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, "போயிட்டுத்தான் வந்துடேன்" என்றார்.

அன்று முழுக்க அவள் அழுதாள். வெட்கத்தில் அழுதாள். சின்ன வயதில் அப்பா சாப்பாட்டுத் தட்டின் முன் இருவரையும் உட்கார வைத்து வசனம் கேட்பார். அக்கா முதல் பாதி, தங்கை மறுபாதி. சொல்லி முடித்தால்தான் சாப்பாடு. அந்த வசனத்திலும் காணிக்கையை வைத்துவிடுவது அவள் பங்கு. எழுந்து போய்ச் சமாதானமாவது தங்கையின் பங்கு. அவள் இத்தனை வருடமாகத் தன் பங்கை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அடுத்த திருவிருந்துக்குள் போய்விட வேண்டும் என்று முடிவு செய்தாள். முடிவு செய்வது எளிது. அந்த மாதம் மருந்து இருப்பு சரிபார்க்கிற வேலை வந்தது. அடுத்த மாதம் மழை. அதற்கடுத்து முதுகுவலி. சாக்குக்கா பஞ்சம்? ஒரு புதன்கிழமை தங்கை வீட்டுத் தெருமுனை வரைக்கும் போய்விட்டாள். கையில் ஒன்றும் வாங்கி வரவில்லையே, வெறுங்கையோடு எப்படி என்று அங்கேயே ஒரு காரணம் கிடைத்தது. பழம் வாங்கப் போனவள் பழத்தோடு வீட்டுக்கு வந்தாள். கணவரும் அவளுமாக இரண்டு நாள் அந்தப் பழத்தைத் தின்றார்கள்.

பிறகு ஒரு வியாழக்கிழமை, காலை பதினொரு மணிக் கூட்டத்தில், ஓட்டை வழியாக ஒரு சீட்டு உள்ளே வந்தது. மாத்திரையம்மா ஆளைப் பார்ப்பதற்கு முன் சீட்டைப் படிக்கிறவள். இரத்தம் உறையாமல் இருக்க ஒன்று, ரத்த அழுத்தத்துக்கு ஒன்று, வலிப்பு வராமலிருக்க ஒன்று. பக்கவாதம் வந்த ஆளுக்கான மருந்து என்று கை தானாக அலமாரிக்குப் போனது. அதற்குப் பிறகுதான் சீட்டின் மேல் இருந்த பெயரைப் பார்த்தாள்.

"பெரியம்மா" என்றது கண்ணாடிக்கு வெளியிலிருந்து ஒரு குரல். தங்கை மகள். கடைசியாகப் பார்த்தபோது பள்ளிக்கூடச் சீருடையில் இருந்தாள்.

"எப்ப?"

"இருபத்தஞ்சு நாள் ஆச்சு பெரியம்மா. வலது கை வரல. பேச்சும் போச்சு. ஆளும் அடையாளம் தெரியல. சில நேரம் என்னையே நர்சுன்னு நெனச்சுக்கறாங்க."

"எனக்கு ஏண்டி சொல்லல?"

"சொன்னா வந்திருப்பீங்களா?"

அந்தப் பெண் குத்திக் காட்டவில்லை. உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டாள். பின்னால் வரிசையில் நின்றவர் இருமினார். மாத்திரையம்மா மாத்திரைகளை எண்ணினாள், மறுபடி எண்ணினாள், மூன்றாம் முறையும் எண்ணினாள். உறையில் காலை என்று எழுதும்போது எழுத்து கலங்கியது. "ஞாயித்துக்கிழமை வரேன்" என்றாள்.

அது முதல் ஞாயிறு. லீவு போட்டுவிட்டு அன்றைக்கே ஓடியிருக்கலாம், மறுநாளாவது போயிருக்கலாம். அவளுக்கு அந்த வசனத்தை முழுதாகச் செய்துவிட வேண்டும் என்று ஒரு பிடிவாதம். கோவிலுக்குப் போனாள். காணிக்கையைப் பையில் போட்டாள். வெள்ளைத் துணியை விலக்கும்போது எழுந்தாள். சபை வழக்கம்போல் பார்த்தது. போதகர் நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தலை குனிந்துகொண்டார். வாசலுக்கு வந்ததும் இந்த முறை வலப்பக்கம் திரும்பாமல் இடப்பக்கம், பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள். வழியெல்லாம் சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள்.

தங்கை வீட்டு இரும்புக் கேட்டில் தாழ்ப்பாள் போட்டிருக்கவில்லை. தள்ளியதும் திறந்துகொண்டது. முன்கதவும் விரியத் திறந்திருந்தது. கதவுக்கு நேரே, கூடத்தில் ஒரு நாற்காலி. அதில் தலையணைகளுக்கு நடுவே தங்கை உட்கார்ந்திருந்தாள். தலைமுடி பாதி நரைத்து, வாய் ஒரு பக்கம் இழுத்து, வலது கை மடியில் யாரோ வைத்துவிட்டுப் போன பொருள் மாதிரி கிடந்தது. இதே கூடத்தில்தான் அன்று அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள்.

மாத்திரையம்மா நாற்காலிக்கு முன்னால் போய் மண்டியிட்டாள். முதுகு வலித்தது, வலிக்கட்டும் என்று இருந்தாள்.

"நான் சொன்னது பொய்டி. டாக்டர் சொல்லித்தான் குடுத்தே. எனக்கு நாலு வருஷமாத் தெரியும். தெரிஞ்சும் வரல. நீ அப்பாவ நல்லாப் பாத்துக்கிட்டே. நான்தான் உன்ன எல்லார் முன்னாடியும் கொன்னுட்டேன். என்ன மன்னிச்சிடு." அழுகையில் பாதி வார்த்தை விழுங்கிப் போனதால் திரும்பவும் முதலிலிருந்து சொன்னாள்.

தங்கை அவளைப் பார்த்தாள். வீட்டுக்கு வந்த அறிமுகமில்லாத பெண் அழுதால் எப்படிப் பார்ப்பார்களோ அப்படி, இரக்கமாகப் பார்த்தாள். இடது கையால் அவள் கன்னத்தைத் துடைத்தும் விட்டாள். பிறகு அந்தக் கை தோளுக்கு இறங்கி, மெல்ல, மரியாதையாக, அவளை ஒரு பக்கமாக ஒதுக்கியது. மாத்திரையம்மா புரியாமல் அங்கேயே இருந்தாள். தங்கை கழுத்தை எட்டி, அவள் தலைக்கு மேலாக வாசலைப் பார்த்தாள். மறுபடியும் தோளை ஒதுக்கினாள்.

"என்ன வேணும் இவளுக்கு? யாரப் பாக்குறா?"

தங்கை மகள் கதவோரம் நின்றிருந்தாள்.

"நீங்க மொத ஞாயிறு கோயில்ல பாதியில எழுந்து போறீங்கன்னு யாரோ அம்மாகிட்ட சொன்னாங்க பெரியம்மா, அது ஆரம்பத்துலயே. அன்னிலேர்ந்து மொத ஞாயிறுன்னா அம்மா கேட்டத் திறந்து வச்சிட்டு இங்க உக்காந்துக்குவாங்க. 'அக்காவுக்கு அந்த வசனம் நல்லாத் தெரியும்டி. காணிக்கைய வச்சிட்டு எழுந்துட்டான்னா நேரா இங்கதான் வருவா'ன்னு சொல்லுவாங்க. உங்களுக்கும் சேத்து சோறு வடிப்பாங்க. ரெண்டு மணி வரைக்கும் பாத்துட்டு, பஸ் கிடைக்கல போலன்னு சொல்லிட்டு எழுந்திருப்பாங்க. இப்ப என்ன கிழமைன்னு அவங்களுக்குத் தெரியறதில்ல. தினமும் இங்க உக்கார வைக்கச் சொல்லிக் கையக் காட்டறாங்க. கதவச் சாத்தினா அழறாங்க."

"இப்ப..." என்று தங்கையின் பக்கம் திரும்பினாள்.

"இப்பவும் உங்களத்தான் பெரியம்மா பாக்குறாங்க."

தங்கையின் கை மூன்றாம் முறையாக அவள் தோளைத் தொட்டது. மாத்திரையம்மா தரையில் கையூன்றி நகர்ந்து, வாசலை மறைக்காதபடி ஓரமாக உட்கார்ந்தாள்.