ஆறினால் பிரியும் தேநீர்

போன மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறரை மணிக்கு, சிங்கப்பூர் தேக்கா சந்தையில் ரத்தினம்மாவின் தேநீர்க் கடைக் குழாயிலிருந்து பிடித்த தண்ணீர், குவளைக்குள் இரண்டு நாடாகப் பிரிந்து நின்றது. நடுவில் நூல் பிடித்தாற்போல் ஒரு கோடு. இடப்பக்கம் ஆற்றுச் சேற்றின் வாடை, அது மலேசியாவின் ஜொகூர். வலப்பக்கம் எந்த வாடையும் இல்லை, அது சிங்கப்பூர். டீ மாஸ்டர் வடிவேலு கரண்டியால் கலக்கிப் பார்த்தான். கரண்டியை எடுத்ததும், கல்யாணத்தில் கோபித்துக்கொண்ட சம்பந்திகளைப் போல இரண்டும் விலகிக்கொண்டன. சூடான தேநீரைத் தே தாரிக்காகத் தலைக்கு மேலிருந்து குவளைக்குக் குவளை இழுத்து ஊற்றியபோதுதான் கோடு மறைந்தது.

வடிவேலு ஜொகூர் பாருவில் குடியிருப்பவன். பன்னிரண்டு வருஷமாகத் தினமும் மோட்டார் சைக்கிளில் கடற்பாலம் தாண்டி வருகிறான். பக்கத்திலேயே ஜொகூர் ஆற்றுத் தண்ணீரைச் சிங்கப்பூருக்குக் கொண்டுவரும் குழாய்களும் வரும். அவற்றிடம் யாரும் பாஸ்போர்ட் கேட்பதில்லை என்பதில் அவனுக்குச் சின்னப் பொறாமை.

மூன்றாம் நாள் இரு நாட்டு அதிகாரிகளும் வந்தார்கள். இந்தப் பக்கத்துக்கு வசீகரன், அந்தப் பக்கத்துக்கு சேவியர்.

"கோடு எங்க பக்கமா ஒரு முடி அளவு சாஞ்சிருக்கு," என்றார் வசீகரன்.

"கண்ணாடிய தொடச்சுட்டுப் பாருங்க சார்," என்றார் சேவியர்.

"தள்ளி நின்னு சண்ட போடுங்க லா, கஸ்டமர் நிக்கிறாங்க," என்றாள் ரத்தினம்மா.

உடன்பாடு வரும்வரை இரு நாட்டுத் தண்ணீரையும் கலக்கக் கூடாது, ஆகவே தேநீரை இழுக்கக் கூடாது என்று உத்தரவானது. வடிவேலு மேசை துடைத்தான். ஜூனில் அவனுடைய வேலை பெர்மிட் முடிகிறது. "இழுக்காத மாஸ்டருக்கு என்னன்னு சொல்லி நான் பெர்மிட் போடுறது?" என்று கேட்டுவிட்டு ரத்தினம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

உடன்பாடு காண இரு நாடும் அமைத்த குழு பதினொரு முறை கூடியது. முதல் மூன்று கூட்டங்களில் யார் எந்தப் பக்கம் உட்காருவது என்று பேசினார்கள். அடுத்த நான்கில் பிஸ்கட் தின்றார்கள். மிச்ச நான்கில் முந்தைய ஏழின் குறிப்புகளைத் திருத்தினார்கள். தண்ணீரைப் பற்றிப் பேச நேரம் போதவில்லை.

மே மாதக் கடைசியில் இருவரும் கோட்டை மறுபடி அளக்க வந்தார்கள். அளப்பது தொண்டையை வறட்டும் வேலை. வடிவேலு கேட்காமலே இரண்டு தே தாரிக் இழுத்து வைத்தான். ஒரே மூச்சில் குடித்த பிறகுதான் வசீகரனுக்கு உறைத்தது.

"கலந்துட்டியா?"

"ரெண்டு நாடும் உங்க வயித்துலதான் இருக்கு சார். எழுதிக்குங்க."

எழுதினால் தாங்கள் குடித்ததையும் எழுத வேண்டும். எழுதவில்லை. உத்தரவு கோப்பிலேயே தூங்கியது, வடிவேலு மறுபடி தேநீர் இழுத்தான். ஜூனில் பெர்மிட் வந்தது.

இழுத்த தேநீரும் ஆறினால் மறுபடி பிரிந்துவிடுகிறது. அதனால் தேக்காவில் எல்லாரும் சூடாகவே குடித்துவிட்டு வேலைக்குப் போகிறார்கள். குழு இன்னும் கூடுகிறது. ரத்தினம்மா கடையிலிருந்துதான் அதற்கும் தேநீர் போகிறது. அங்கே மட்டும் தவறாமல் ஆறிப்போகிறது.