குமிழ்க் கண்ணாடி

டெஸ்மண்ட் திரிப்பின் செருப்புக்கடை வென்ஃபர்டு சந்தைத் தெருவிலேயே அழகான கட்டடம். இருநூறு வருடங்களுக்கு முன் பட்டுக் கையுறை விற்ற ஒருவன் கட்டியது. நடுவில் கதவு, அதன் தலைக்கு மேல் விசிறிபோல் விரிந்த கண்ணாடி, இரண்டு பக்கமும் மெல்லிய தூண்கள், வயிறு தள்ளிய இரண்டு ஜன்னல்கள். இடப்பக்கத்தை மடித்தால் வலப்பக்கத்தின் மேல் அப்படியே பொருந்தும்.

அரசு காக்கும் கட்டடம். ஓர் ஆணி அடிக்கவும் அனுமதி வேண்டும். டெஸ்மண்ட் அனுமதி கேட்கவில்லை. பேருந்தில் வரும் சுற்றுலாக்காரர்கள் எதிரிலிருந்த மதுக்கடையைத்தான் படமெடுத்தார்கள். அதன் ஜன்னலில் நடுவே குமிழ் வைத்த கண்ணாடி. பழையது என்றால் அப்படித்தான் இருக்கும் என்று ஊரே நம்பியது. ஈஸ்டர் விடுமுறையில், ஜன்னல் வேலை செய்யும் தன் மச்சினன் வில்ஃபைக் கூப்பிட்டு, லேசாக நெளிந்திருந்த பழைய கண்ணாடிகளை எடுத்துவிட்டுக் குமிழ் வைத்ததைப் பொருத்தச் சொன்னார்.

“இருக்கறதே நல்லாத்தானே இருக்கு அத்தான்?” என்றான் வில்ஃப். டெஸ்மண்ட் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஜூனில் நகராட்சியிலிருந்து மிஸ் ஏவரில் வந்தாள். பழைய கட்டடங்கள் அவள் பொறுப்பு. வில்ஃப் அன்று கடைக்குள் பூட்டு ஒன்றைச் சரிசெய்துகொண்டிருந்தான். திருமதி பியூ ஒரு காலில் மட்டும் புதுச் செருப்போடு உட்கார்ந்திருந்தாள்.

“இது என்ன கூத்து?” என்றாள் மிஸ் ஏவரில், ஜன்னலைக் காட்டி.

“அந்தக் காலத்து மாதிரி இருக்கட்டும்னு...” என்றார் டெஸ்மண்ட்.

“எந்தக் காலத்து மாதிரி? அப்பல்லாம் உருகின கண்ணாடியக் கம்பி நுனியில வச்சுச் சுத்திச் சுத்தித் தட்டு மாதிரி விரிப்பாங்க. நடுவுல கம்பி ஒட்டியிருந்த இடம்தான் இந்தக் குமிழ். கழிசல். மாட்டுக் கொட்டாய்க்குப் போடுவாங்க. பட்டுக் கையுறை விக்கிறவன் இதுக்குப் பின்னாடி எதைக் காட்டுவான்?”

திருமதி பியூ சிரித்தே விட்டாள். போன வாரம்தான் டெஸ்மண்ட் ஊர்க் கூட்டத்தில் இந்த ஜன்னலின் பெருமையை நீட்டி முழக்கியிருந்தார். காது மடல் கொதித்தது.

“அனுமதியில்லாம இதைச் செஞ்சது யாரு?”

“நான் ஊர்ல இல்லை. மச்சினன்தான், அவனா ஏதோ...”

திரும்பிப் பார்க்க அவருக்குத் துணிவில்லை. பின்னால் திருப்புளி மேசையில் வைக்கப்படும் சத்தம் கேட்டது.

“ஆமா மேடம், நான்தான்,” என்றான் வில்ஃப். “பழைய கண்ணாடி பத்திரமா இருக்கு. தோட்டத்துல கீரைப் பாத்திக்கு மூடியா வச்சிருக்கேன்.”

“அப்ப இனி இந்த ஊர்ல பழைய கட்டடம் எதுலயும் நீங்க கை வைக்க முடியாது.”

வில்ஃபுக்குக் கிடைப்பதெல்லாம் பழைய ஜன்னல் வேலைதான். ஊரில் பாதி பழைய கட்டடம். அவள் படியிறங்கிப் போனாள். டெஸ்மண்ட் செருப்புப் பெட்டிகளை அடுக்கினார். மறுபடி கலைத்து அடுக்கினார். பிறகு தெருவில் ஓடினார்.

“நான்தான் செய்யச் சொன்னேன். அவன் வேணாம்னுதான் சொன்னான்.”

“எங்கிட்ட எதுக்குத் தனியா சொல்றீங்க? உள்ள வந்து சொல்லுங்க.”

உள்ளே வந்து, தரையைப் பார்த்தபடி சொன்னார். திருமதி பியூ அவசரமாகத் தன் பழைய செருப்பைத் தேடினாள். மிஸ் ஏவரில் தலையசைத்தாள். வில்ஃபின் பிழைப்பு தப்பியது.

வில்ஃப் சாமான்களைப் பைக்குள் போட்டான்.

“நாளைக்குக் கண்ணாடியக் கொண்டாந்து மாட்டிடறேன். நீங்க அந்த நேரம் கடையில இருக்காதீங்க, மிஸ்டர் திரிப்.”